அரைக் கட்டை

ஐம்பத்து மூன்று வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி நரைத்த தலை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மாடிப்படி ஏறினால் இரைக்கும் மூச்சு. அப்படிப்பட்ட ஒரு பெண்மணியைப் பார்த்துத் தபால்காரர் "பாப்பாம்மா" என்று குரல் கொடுத்தால், புதிதாகக் குடிவந்தவர்கள் எந்தக் குழந்தை வரப்போகிறதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் செல்லமாக வைத்த பெயர்தான் அது. சுவரொட்டிகளில் அச்சாகி ஊர் ஊராகப் பரவியதால், பிறகு கழற்றி வைக்க முடியாமல் போயிற்று.

அவளுடைய அப்பா ஒரு பொது மண்டபத்தில் காவல்காரர். பேருக்குத்தான் காவல். பெருக்குவது, நாற்காலி அடுக்குவது, கழிப்பறை கழுவுவது, கூட்டம் கலைந்ததும் விளக்கை அணைப்பது எல்லாம் அவர் தலையில்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலை ஷிப்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அப்பா மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மேடையின் ஓரத்தில் பச்சை உறை போர்த்திய ஒரு பெரிய பியானோ நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில் துண்டை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு அவர் துடைப்பத்தை எடுப்பார். மேலே யாராவது ஒத்திகை பார்த்தால் அவள் அசையாமல் கேட்டுக்கொண்டு கிடப்பாள். தொந்தரவில்லாத குழந்தை என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

நாலு வயது நடக்கும்போது ஒருநாள், அப்பா கடைசி வரிசையில் பெருக்கிக்கொண்டிருக்கையில் மேடையில் பியானோ ஒலித்தது. முந்தின நாள் கச்சேரி செய்தவர் எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார் போல என்று அவசரமாகத் துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மேடையில் யாரையும் காணோம். கட்டைகளுக்கு மேலே ஒரு ரிப்பனும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார் அப்பா, மேடை ஏறி வந்து.

"யாரும் இல்லப்பா. நேத்து அந்த மாமா இப்படித்தானே போனாரு," என்றாள். ஏதோ கடைத்தெருவுக்குப் போகும் வழியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்பா மேலாளரிடம் சொன்னார். மேலாளர் கோட்டு மாமாவிடம் சொன்னார். கோட்டு மாமா என்பது பிற்பாடு பாப்பா வைத்த பெயர். வெயில் கொளுத்தும்போதும் கோட்டைக் கழற்றாத, ஒல்லியான, வாய் ஓயாத மனிதர். மந்திரவித்தைக்காரர்களையும் பளு தூக்குபவர்களையும் மண்டபம் மண்டபமாகக் கூட்டிப்போவது அவர் தொழில். அவர் பாப்பாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கண்ணாடித் தம்ளரை ஸ்பூனால் தட்டினார்.

"நாலரைக் கட்டை," என்றாள் பாப்பா.

பியானோவின் கட்டைகளை எண்ணிச் சொல்வது வழக்கம். வெள்ளைக்கு முழு எண், இடையில் வரும் கறுப்புக்கு அரை. கோட்டு மாமா ஓடிப்போய்க் கட்டையைத் தட்டிப் பார்த்தார். நாலரையேதான். அம்மாவின் வளையலைத் தட்டினார், கதவைக் கிரீச்சிட வைத்தார், தெருவில் போன லாரியின் ஹாரனைக் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நமக்குச் சிவப்பும் பச்சையும் எப்படியோ அப்படி அவளுக்குச் சுரங்கள். பச்சையைப் பச்சை என்று சொன்னதற்கு ஒரு பெரிய மனிதர் ஏன் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அண்ணே, இனிமே நீங்க துடைப்பம் பிடிக்க வேண்டாம்," என்றார் கோட்டு மாமா.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "கொழந்தைய வேடிக்கைப் பொருளா ஆக்கிடாதீங்க," என்றாள். அதற்குள் வெள்ளைச் சட்டைக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டது.

பிறகு ரயில், மேடை, பூட்டிய ஒப்பனை அறைகள், மறுபடி ரயில். முன்பாதியில் பெரியவர்கள் வாசிக்கும் கனமான உருப்படிகளை வாசிப்பாள். பின்பாதியில் தம்ளர் வித்தை. ஜனங்கள் சைக்கிள் மணி, கிலுகிலுப்பை, பாத்திர மூடி என்று வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். ஒரு கிழவர் இருமிக் காட்டி, "இது எத்தன கட்ட?" என்று கேட்டார். இரண்டே கால் என்று சொன்னால் கூட்டத்துக்குப் புரியாது என்பதால் இரண்டு என்று சொன்னாள். பொய் சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் பிடிக்காமல் இல்லை. கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்!

எட்டு வயதில் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். அவனைத் தூங்கவைக்க ஒரு சின்னத் தாலாட்டு கட்டினாள். இரண்டு பக்கம்கூட வராது. பியானோ கற்கும் குழந்தைகளின் புத்தகத்தில் அது சேர்ந்து, வீட்டுக்கு வீடு ஒலிக்க ஆரம்பித்தது. தம்பி வளர்ந்து குழாய் வேலை செய்யும் பிளம்பரானான். சுருதி, தாளம் எதுவும் அவன் காதில் ஏறாது. ஆனாலும் போகிற வீட்டில் எந்தப் பிள்ளையாவது அதை வாசித்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "இது எனக்காகப் போட்ட பாட்டு," என்பான். ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

குழந்தைக்கு வயசாவதைத் தடுக்கக் கோட்டு மாமா தம்மால் ஆனதைச் செய்தார். சுவரொட்டியில் அவளுக்கு வருஷா வருஷம் ஒன்பது வயது. அம்மா சட்டையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்குவாள். அடுத்த ஊரில் கோட்டு மாமா அதைத் திரும்ப மடித்துத் தைக்கச் சொல்வார். பதிமூன்று நடக்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "இந்தப் பாப்பாவுக்கே ஒரு பாப்பா பொறந்துடும் போலிருக்கே," என்றாள். பக்கத்தில் சிரித்தார்கள். மேடையில் இருந்தவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் காதுக்கு எதுதான் கேட்காது?

அந்த வருஷமே கோட்டு மாமா ஆறு வயது இரட்டைப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொள்ளும் ஆள் இல்லை அவர். வீட்டுக்கே வந்தார். "உன் கையில ஒரு குத்தமும் இல்லம்மா. வயசுதான்," என்று சொல்லி, அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அப்பா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மண்டபத்து வேலைக்கு வேறு ஆள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசிவரை ஒரு சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார்.

மேடை போனாலும் காது போகவில்லை. பாப்பா இசைக் கல்லூரியில் சேர்ந்தாள். வாசிப்பதைவிட எழுதுவது பிடித்துப்போயிற்று. பியானோ பக்கமே போகாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவையும் மனதுக்குள் கேட்டுக்கொண்டே பென்சிலால் எழுதுவாள். எழுதினது பிறகு அப்படியே ஒலிக்கும். சந்தேகமே கிடையாது.

யாராவது தொழில் கேட்டால் இசையமைப்பாளர் என்பாள்.

"அப்படியா! எந்தப் படம்?"

"படத்துக்கு இல்லைங்க."

"அப்ப எதுக்கு?"

 பிழைப்புக்கு ஒரு நடனப் பள்ளியில் பியானோ வாசித்தாள். டீச்சர் கைதட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண, பிள்ளைகள் காலைத் தூக்க, இவள் அதே பதினாறு அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பொழுது போகும். நடுவில் ஒரு கிளாரினெட்காரரோடு கல்யாணமும் நடந்தது. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போனவர் போனவர்தான்.

முப்பது வயதை ஒட்டி அவளுடைய சிம்பொனி ஒன்றை மேடையேற்றினார்கள். ஒத்திகைக்கு நேரம் கொடுக்காததால் மூன்றாம் பகுதியில் ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்து நொண்டியடித்து முடித்தார்கள். கூட்டம் மரியாதைக்குத் தட்டியது. அப்புறம் பின்னால் இருந்து யாரோ, "பாப்பா, தாலாட்டு!" என்று குரல் கொடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் அவள் கையைப் பிடித்துப் பியானோவுக்குக் கூட்டிப்போனார். எட்டு வயதில் கட்டியதை அவள் வாசித்தாள். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு இருபது வருஷம் அவள் எழுதியதை எல்லாம் நூலகக் கூடங்களிலும் கல்லூரி வகுப்புகளிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கேட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. வேறென்ன செய்வது என்று தெரியாததும் ஒரு காரணம்.

அம்மா இறந்த வருஷம், நகரத்தின் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு அதை நடத்தும் கண்டக்டராக ஒரு இளம் பெண் வந்தாள். (தம்பி இதைத் தன் சிநேகிதர்களிடம் சொன்னபோது, எந்த ரூட்டு பஸ் என்று கேட்டார்களாம்.) அவள் பாப்பாவைத் தேடி நடனப் பள்ளிக்கே வந்தாள்.

"உங்க தாலாட்டு எல்லாம் எனக்குத் தெரியாது மேடம். நான் பியானோ கத்துக்கவே இல்ல. நாலு பேர் வாசிக்க நீங்க எழுதினத ஒரு லைப்ரரியில கேட்டேன். எங்களுக்கு ஒண்ணு எழுதித் தருவீங்களா?"

பாப்பா சரி என்று தலையாட்டினாள். அன்று பள்ளி முடிந்து வீட்டுக்கு நடந்தே போனாள்.

இரண்டு வருஷம் எழுதினாள். அம்மாவை நினைத்துத்தான் எழுதினாள், வெளியில் சொல்லவில்லை. நடுப்பகுதியை முழுக்கத் தாழ்ந்த குரல் தந்திக் கருவிகளுக்குக் கொடுத்தாள். மெதுவாக, ஆவி பறக்கும் ஒரு கூடத்தில் ஈரத் துணிகளைத் தூக்கும் கனத்தோடு அது நகர வேண்டும்.

அந்த நாட்களில் சில்லறைச் சங்கதிகள் நடந்தன. நடனப் பள்ளிப் பியானோவின் சுருதி சற்று ஏறியிருப்பதாகத் தோன்றி, சுருதி கூட்டுபவரை வரவழைத்தாள். அவர் பார்த்துவிட்டு, "சரியாத்தானேம்மா இருக்கு," என்றார். பழைய பியானோ இறங்குமே தவிரத் தானாக ஏறாது என்பது அவளுக்குத் தெரியாததா? அதை யோசிக்க விரும்பவில்லை. ரேடியோவின் செய்திக்கு முன்னால் வரும் இசையை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாள். தம்பியின் வண்டி ஹாரனைக் கேட்டு, புதுசு வாங்கினாயா என்று விசாரித்தாள்.

முதல் ஒத்திகை. அரங்கத்தில் வேறு யாரும் இல்லை. பாப்பா நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சுருதி சேர்த்துக்கொள்ள ஓபோ என்ற குழலை வாசிப்பவர் ஆறு கட்டையில் ஒரு நீண்ட சுரம் கொடுத்தார். அவள் காதில் விழுந்தது ஆறரை.

எழுந்து நின்றாள். "மன்னிக்கணும். அரைக் கட்டை ஏத்திக் குடுக்கறீங்க."

வயலின்கள் நின்றன. ஓபோக்காரர் மறுபடி ஊதினார். ஆறரை.

"இன்னும் ஏறித்தான் இருக்கு," என்றாள் பாப்பா. தம்ளர் வித்தை காட்டிய காலத்தில் பேசிய அதே உறுதி அவள் குரலில் இருந்தது.

 ஓபோக்காரர் தன் ஸ்டாண்டின் மேல் இருந்த சுருதி காட்டும் கருவியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஊதினார். முள் நட்டநடுவில் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து அதை இருமலாக மாற்றினார்கள். கண்டக்டர், "ஏசி சத்தத்துல அப்படிக் கேட்டிருக்கும் மேடம்," என்று சமாளித்தாள். பாப்பா உட்கார்ந்தாள்.

அவர்கள் வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள், கை அசைவுகளைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் மேசையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் அவள் கேட்டது இது இல்லை. ஒவ்வொரு சுரமும் இடம் தள்ளி வந்து விழுந்தது. தன் வீட்டுக்குள் இருட்டில் நடந்து, ஒவ்வொரு சாமானிலும் இடித்துக்கொள்வதுபோல இருந்தது. நடுப்பகுதி வந்தபோது தன் அம்மாவை வேறு யாரோ மாதிரி பார்த்தாள்.

காது டாக்டர் அவளை ஒரு பெட்டி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார். "உங்க வயசுக்குக் காது அருமையா இருக்கும்மா," என்றார். அவள் விஷயத்தை விளக்கினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அனுப்பி, அடுத்த வாரம் கூப்பிட்டார்.

"இது வர்றதுதாம்மா. வயசாக ஆக உள்காதுல இறுக்கம் வரும். எங்களுக்கும் இப்படித்தான் சுரம் ஏறிக் கேக்கும், ஆனா எங்களுக்குத் தெரியாது. உங்கள மாதிரி பிறவியிலேயே சுரம் தெரிஞ்சவங்கதான் மாட்டிக்கறாங்க."

"மருந்து?"

"இல்லம்மா."

"இதோட நிக்குமா?"

"சொல்ல முடியாது. இன்னும் ஏறலாம்." அவர் நல்ல மனிதர். அவளைத் தேற்ற நினைத்தார். "ஆனா ஒண்ணு. நீங்க எழுதறதும் வாசிக்கறதும் மத்தவங்களுக்குச் சரியாத்தான் கேக்கும். அதுல ஒரு பாதிப்பும் இல்ல."

"மத்தவங்களுக்குக் கேக்கும்," என்றாள் பாப்பா. "சரிங்க டாக்டர்."

அரங்கேற்றம் அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மெதுவான பகுதியில் அவள் கண்ணை மூடி, மனதுக்குள் சரியான சுருதியில் அதை ஓடவிட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் வெளியே அரைக் கட்டை தள்ளி ஒன்றுமாக இரண்டும் மோதி, பல் கூசியது. உள்ளே ஓடியதை நிறுத்திக்கொண்டு, வயலின் வில்கள் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 முடிந்ததும் அரங்கமே எழுந்தது. தாலாட்டு கேட்டு ஒரு குரலும் வரவில்லை. ஆயுசு பூராவும் அவள் காத்திருந்த கைதட்டல் அது. மேடைக்குப் போய்த் தலை வணங்கினாள். யாருக்கோ வந்த மாலையைத் தன் கழுத்தில் போட்டுவிட்டார்கள் போலிருந்தது.

வெளியே தம்பி கடன் வாங்கின கோட்டில் நின்றான். மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, சத்தியமா சொல்றேன், எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா பக்கத்து சீட்டு அம்மா அழுதாங்க. பார்த்தா நானும் அழுதுகிட்டிருக்கேன்."

"நீ எதுக்குடா அழுத?"

"தெரியல. அம்மா நெனப்பு வந்திருச்சு."

பாப்பா அவன் கையைப் பிடித்தாள். "எந்த எடத்துல?"

"நடுவுல. அந்தப் பெரிய பெரிய வயலின் எல்லாம் மெதுவா இழுத்தாங்களே, அங்க. ஏன்க்கா? உனக்கு வரலியா?"

அவள் சரியாக அங்கேதான் வைத்திருந்தாள். தகரத்துக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் கேட்காத இந்தக் காதுக்குக்கூட அது போய்ச் சேர்ந்துவிட்டது. "வந்துச்சு, வந்துச்சு," என்று சொல்லி அவனை வண்டிக்குக் கூட்டிப்போனாள்.

கண்டக்டர் விடவில்லை, அடுத்த வருஷத்துக்கு இன்னொன்று வேண்டும் என்றாள். பாப்பா ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். வெளியே அரைக் கட்டை ஏறிக் கேட்கிறது என்றால், எழுதும்போதே எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்கிவிட்டால்? முதல் பகுதியை அப்படி எழுதிக் கொடுத்தாள். வயலின்காரர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் தந்திகள் இயல்பாக முழங்கும் சுரங்கள் ஒன்றும் அதில் வரவில்லை. எல்லாம் போர்வை போர்த்தின மாதிரி அமுங்கிக் கேட்கிறது என்றார்கள். அவளுக்கும் அது சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் காது அரையையும் தாண்டி, முக்காலை நெருங்கியிருந்தது. கறுப்பிலும் சேராமல் வெள்ளையிலும் சேராமல், எந்தக் கட்டையும் இல்லாத ஒரு இடத்தில் நின்றது.

"கை ஓய்ஞ்சு போச்சும்மா," என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டாள்.

"மேடம், இப்பத்தானே எல்லாரும் உங்களக் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க! நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"அதெல்லாம் இல்லம்மா."

அந்தப் பெண் முகம் வாடிப் போனாள். பெரியவர்களுக்கு இருக்கும் வீம்பு என்று நினைத்திருப்பாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஒத்திகை நினைவுக்கு வரும், சிரித்தவர்கள் பரிதாபப்படுவார்கள். அதற்கு வீம்பே மேல் என்று விட்டுவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் இப்போது அவள் சாப்பிட மட்டும் உட்காருகிறாள். நடனப் பள்ளி வேலையை விடவில்லை. விரல்களுக்கு வழி தெரியும், அவை பாட்டுக்குப் போகும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு, டைப் அடிப்பது மாதிரி வாசிக்கிறாள். ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. முன்னைவிடத் தாளம் கச்சிதமாக இருக்கிறது என்று டீச்சர் பாராட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் தம்பியின் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு, "அத்தை, யாரோடதுன்னு சொல்லுங்க பாப்போம்!" என்றாள். அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவு. இத்தனை நாளில் பாப்பா அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளுடைய காதுக்கு முதல் சில நொடிகள் உண்மையாகவே அடையாளம் தெரியவில்லை.

"எங்க அத்தையாக்கும்!" என்று மகள் யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள். தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்து, "பிடிக்கலேன்னா நிறுத்தச் சொல்லவா?" என்று கேட்டான்.

"ஓடட்டும்டா. நல்லாத்தானே இருக்கு."

அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தம்பி மனைவி பின்னாலேயே வந்து, "அய்யோ அண்ணி, நீங்க எதுக்கு இதெல்லாம்? போய் உக்காந்து கேளுங்க," என்று கையிலிருந்து வாங்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா. எனக்குச் சும்மா உக்கார முடியல."

குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் மோதி இரைந்தது. அதையும் தாண்டி வந்தது பாட்டு. நடுப்பகுதி தொடங்கிவிட்டது. கூடத்தில் தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தட்டுகளைக் கழுவி முடித்தாள், தம்ளர்களைக் கழுவினாள், பிறகு அலமாரியில் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள்.